கரம் பலகையும் வழுக்கும் தளமும்

கொழும்பு மாநகரின் வடகோடியில், களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்தை அடுத்துக் கிடப்பது மட்டக்குளி. இல்லங்கள் நெருங்கியும் ஒழுங்கைகள் குறுகியும் அமைந்த அப்பகுதியிலே பந்தாடுதற்கேற்ற திடல் எல்லாச் சிறுவர்க்கும் கிட்டுவதன்று. ஆயின் ஒரு சதுரப் பலகையும், அதனைத் தாங்க ஒரு பீப்பாயும், மேலே தொங்கவிட ஒரு மின்குமிழும் வாய்க்குமாயின் நால்வர்க்கு ஒரு மாலைப்பொழுது இனிது கழியும். கரம் என்று இலங்கையரும் கேரம் என்று தமிழ்நாட்டாரும் வழங்கும் இவ்வாட்டம், கொட்டாஞ்சேனை முதல் மட்டக்குளி வரை ஏழை செல்வர் என்ற பேதமின்றி ஆடப்படுவதாகும்.

பெற்றோர் பலர் இதனை வீண்பொழுதுபோக்கு என இகழ்வர். அவ்விகழ்ச்சி முற்றும் பொருந்துவதன்று. 1988ஆம் ஆண்டிற் சென்னையிலே சர்வதேச கரம் சம்மேளனம் நிறுவப்பட்டது. 1991இலும் 1995இலும் உலக வாகையர் பட்டத்தைச் சூடிய மரிய இருதயம் சென்னைத் தமிழர். இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோவும் உலக வாகை சூடியவரே. 2024ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று பொற்பதக்கங்களை வென்ற காசிமா, வடசென்னையின் எளிய குடும்பமொன்றிற் பிறந்த இளநங்கை. துறைமுகத்தை அடுத்த வடசென்னைக்கும், துறைமுகத்தை அடுத்த வடகொழும்புக்கும் வாழ்க்கை முறையிற் பெரிய வேறுபாடில்லை என்பதை இரண்டையும் கண்டோர் அறிவர். எனினும் ஆட்டத்தின் புகழை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பலகையின் மேல் நிகழும் ஒரு பௌதிக நிகழ்ச்சியை விளக்குதலே நோக்கமாகும்.

ஒரு மாணவனை எண்ணிக் கொள்க. தன் வீட்டுப் பலகையில் அவன் நாடோறும் பழகுகின்றான். எதிர்க் குழியின் வாயிலில் நிற்கும் காயை மெல்லத் தட்டி வீழ்த்துவதில் அவன் கைதேர்ந்தவன். ஆயின் மழைக்கால இரவொன்றில் அதே விரல், அதே பலகை, அதே காய். ஸ்ரைக்கர் பாதி வழியில் நின்றுவிடுகின்றது. பின்னொரு நாள் பாடசாலைகளுக்கிடையிலான போட்டியிலே புதிய பலகையின் முன் அமர்கின்றான். வழக்கமான விசையோடு தட்டுகின்றான். காய் குழியின் விளிம்பில் மோதித் திரும்புகின்றது, ஸ்ரைக்கரோ குழியில் வீழ்ந்து தண்டத்தைத் தேடித் தருகின்றது. முதற் சுற்றிலேயே அவன் வெளியேறுகின்றான். உடன் வந்தோர் "அவனுக்குக் கைராசி இல்லை" என்பர். வேறு சிலர் "விரலுக்குப் பயிற்சி போதாது" என்பர். இரண்டும் பிழை. அவனுடைய விரல் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்தது, மாறியது தளம். தளத்தின் வழுவழுப்பை அளந்தறிய அவனுக்கு ஒருவரும் கற்பிக்கவில்லை என்பதே உண்மை.

ஒரு பொருள் மற்றொன்றின் மேல் வழுக்கிச் செல்லும்போது அதன் செலவைத் தடுக்கும் விசையை உராய்வு என்பர். பிரான்சிய அறிஞர் அமொந்தோன் 1699இலும், அவர் நாட்டவரான கூலோம் 1785இலும் இதன் விதிகளை வகுத்துரைத்தனர். உராய்வு விசை பொருளின் பாரத்திற்கு விகிதசமமானது. தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று. பாரத்தோடு அவ்விசை கொள்ளும் விகிதமே உராய்வுக் குணகம். இவ்விதிகளிலிருந்து கரம் ஆடுவோர்க்கு வேண்டிய முடிவொன்று எளிதிற் கிடைக்கின்றது. வழுக்கிச் செல்லும் வட்டு எவ்வளவு தூரஞ் சென்று நிற்கும் என்பது அதன் திணிவைப் பொறுத்ததன்று. புறப்பட்ட வேகத்தின் வர்க்கத்தையும் உராய்வுக் குணகத்தையுமே பொறுத்தது. வேகம் இருமடங்காயின் தூரம் நான்மடங்காகும். உராய்வு பாதியாயின் தூரம் இருமடங்காகும்.

எண்களால் நோக்கினால் இது தெளிவாகும். ஸ்ரைக்கர் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்துடன் புறப்படுவதாகவும், உராய்வுக் குணகம் 0.2 எனவும் கொண்டால், தடையின்றி விடப்பட்ட ஸ்ரைக்கர் ஏறத்தாழ 1 மீற்றர் சென்று நிற்கும். மாவிட்டு உலர்த்திய பலகையிற் குணகம் 0.1 ஆகக் குறையுமாயின் அது 2 மீற்றர் செல்லும். போட்டிப் பலகையின் பக்க நீளமோ 74 சென்ரிமீற்றரை மிஞ்சுவதில்லை. ஆகவே முதற் பலகையில் எதிர்ச்சட்டத்திற் பட்டுச் சற்றே திரும்பி நிற்கவேண்டிய ஸ்ரைக்கர், இரண்டாவதில் மீண்டும் ஆடுவோன் பக்கத்துக்கே ஓடிவந்து விடுகின்றது. இங்கே மாணவர் பலரும் தவறிழைக்கும் இடமொன்றுண்டு. உராய்வு பாதியாகிவிட்டது என்றறிந்தவுடன் விசையையும் பாதியாக்கிவிடுகின்றனர். அங்ஙனஞ் செய்தால் ஸ்ரைக்கர் எட்டவேண்டிய இடத்தை எட்டாது. தூரம் வேகத்தின் வர்க்கத்தைத் தொடர்வதால், பத்துப் பங்கு வேகத்திற்குப் பதிலாக ஏழு பங்கு வேகம் வேண்டும். பத்துக்கு ஏழு என்னும் இந்த விகிதம் கேட்பதற்கு எளிது. விரலிற் படிவதற்கு நெடுநாட் செல்லும்.

அவ்வழுவழுப்பு எங்கிருந்து வருகின்றது? மரப்பலகையை எத்துணை இழைத்து மெருகிட்டாலும் அதன் மேற்பரப்பு நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது. காயின் அடிப்பாகமும் அத்தகையதே. மேடும் மேடும் முட்டுமிடத்தே இரண்டும் பற்றிக்கொள்ளும். அப்பற்றை அறுத்துக்கொண்டே வட்டு நகர்கின்றது. இடையிலே தூவப்படும் மா இரண்டையும் பிரித்து நிறுத்துகின்றது. நெடுங்காலமாக இதற்கெனப் பயன்பட்டு வந்தது போரிக்கமிலப் பொடி. அதன் பளிங்கினுள்ளே மூலக்கூறுகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு தட்டிலுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிணைத்திருக்கும். தட்டுக்கும் தட்டுக்கும் இடையிலான பிணைப்போ மிக மெல்லியது. புதுச் சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் ஒன்றன்மேலொன்று சரிவது போல, இத்தட்டுகளும் சரியும். பென்சிற் கரியும் இத்தன்மையதே. மாப்பொருட் பொடி வேறுவகையில் உதவுகின்றது: அதன் மணிகள் உருண்டையானவை, பலகைக்கும் காய்க்கும் இடையிலே நுண்ணிய குண்டுகள் போற் கிடந்து உருள்கின்றன.

இவ்விளக்கத்திலிருந்து மற்றொன்றும் பெறப்படும். மெல்லிய ஒரு படலமே போதும், குவியல் வேண்டா. மாவைக் கைநிறைய அள்ளித் தூவும் வழக்கம் நம்மூர்ப் பலகைகளிற் பெரிதும் உண்டு. குவிந்த மாவைத் தள்ளிக்கொண்டு செல்வதிலே காயின் சக்தி வீணாகின்றது. சென்ற காய்களெல்லாம் மாவை ஓரத்துக்கு ஒதுக்குவதால், ஆட்டம் பாதியாகும்போது நடுப்பகுதி வறண்டும் சட்டத்தின் அடியோரம் மணல்மேடு போன்றும் ஆகிவிடும். சட்டத்தை ஒட்டி நிற்கும் காய் அசைய மறுப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பழுதுபட்ட பலகை என்று அதனைத் தூக்கியெறியு முன்னர் ஒரு துணியால் ஓரங்களைத் துடைத்துப் பார்ப்பது நன்று.

இனி ஈரத்தைப் பற்றிக் கூறவேண்டும்; மட்டக்குளிக்கு இது மிகவும் உரியது. ஒருபுறம் கடலும் மறுபுறம் ஆறும் சூழ்ந்த அப்பகுதியிற் காற்றின் ஈரம் எப்போதும் மிகுதி. கடற்காற்று உப்பையும் சுமந்து வரும். உப்போ காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியும் இயல்பினது. அங்ஙனம் வந்து படியும் ஈரம் மாமணிகளுக்கிடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். உருளவேண்டியவை கட்டிபட்டு நிற்கும். பலகையின் நாரும் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஒட்டுப்பலகை சில வேளைகளில் நடுவே மேடிட்டுவிடும். வைகாசியிற் பெயல் தொடங்கிய பின் பலகை "கனத்துப் போயிற்று" என்று ஆடுவோர் கூறுவது இதனையே. அதற்கு அவர்கள் கண்ட மருந்து மேலே தொங்கும் மின்குமிழ். வெளிச்சத்திற்கென்று தொங்கவிட்ட அவ்விளக்கின் வெப்பம் பலகையை உலர்த்தும் தொழிலையும் உடன் செய்து வந்தது. அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்த எல்.ஈ.டி. விளக்குகள் ஒளியை மிகுதியாகவும் வெப்பத்தைக் குறைவாகவும் தருவன. மின்கட்டணம் குறைந்தது, பலகையின் ஈரம் குறையவில்லை. சிக்கனம் ஒருபுறம் தந்ததை மறுபுறம் வாங்கிக்கொள்ளும் விந்தைகளில் இதுவும் ஒன்று.

போரிக்கமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை இவ்விடத்தில் இன்றியமையாதது. அது கரப்பான் பூச்சியைக் கொல்லப் பயன்படும் பொருள். உடலினுட் சென்றால் மனிதர்க்கும் நஞ்சாகும். பெரியவரைக் காட்டிலும் கைக்குழந்தைக்குக் கொடியது. முற்காலத்திலே குழந்தைகளின் தோற்புண்ணுக்கு மருந்தென அதனைத் தடவியதாலும், பாலோடு தவறிக் கலந்ததாலும் உயிர்கள் மாண்டதுண்டு. இனப்பெருக்க உறுப்புகளுக்குத் தீங்கு செய்வதென்னும் காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதனை மிகுந்த கவனத்துக்குரிய பொருள்களின் நிரலிற் சேர்த்தது. ஒற்றை அறையிலேயே சமையலும் படிப்பும் ஆட்டமும் நிகழும் இல்லங்களில், தமையன் பலகையிலிருந்து ஊதித் தள்ளும் வெண்பொடி தவழும் தம்பியின் கையிலும் வாயிலும் படுவது அரிய நிகழ்ச்சியன்று. மாப்பொருளாலான கரம் பொடியும் கிடைக்கின்றது; வழுவழுப்பிற் சற்றுக் குறைந்ததாயினும் குழந்தை உள்ள வீட்டிற்கு அதுவே தக்கது. எப்பொடியாயினும் பலகையை வாயால் ஊதுதல் கூடாது. ஆடியபின் சோற்றிற் கைவைக்குமுன் கழுவுதல் வேண்டும்.

ஸ்ரைக்கர் காயை அடைந்தபின் நிகழ்வது மோதுகை. விதிப்படி ஸ்ரைக்கரின் நிறை 15 கிராமுக்கு மேற்படலாகாது. காயின் நிறை 5 முதல் 5.5 கிராம் வரை. கணக்கின் எளிமைக்காகக் காயை 5 கிராம் எனக் கொள்வோர், உந்தக் காப்பு விதியினால் வியப்பான முடிவொன்றைக் காண்பர். நேருக்கு நேர் மோதி, சக்தி இழப்பும் இல்லையெனின், ஸ்ரைக்கர் தன் வேகத்திற் பாதியோடு தொடர்ந்து முன்னேறும். காயோ ஸ்ரைக்கர் கொண்டிருந்த வேகத்தின் ஒன்றரை மடங்கோடு பாயும். மெய்யான காய்களில் இழப்புண்டாதலின் இவ்வெண்கள் சற்றுக் குறையும். ஆயினும் போக்கு இதுவே. அடிப்பதைவிட அடிபட்டது விரைந்து செல்கின்றது! பிலியட் ஆட்டத்தில் இரு பந்துகளும் ஒரே நிறையுடையன. ஆகவே நேர்மோதுகையில் மோதிய பந்து நின்றுவிடும். கரம் ஆட்டத்தில் மோதியது நில்லாது பின்தொடர்ந்து குழிக்குள் இறங்க முயல்வதன் காரணம் நிறை வேறுபாடேயாம்.

சரிவாக மோதினால் என்ன நிகழும்? பாரமான வட்டு இலேசான வட்டை எங்ஙனம் உரசினாலும், தான் சென்ற திசையிலிருந்து ஓர் எல்லைக்கு மேல் விலகமாட்டாது. நிறைகள் மூன்றுக்கு ஒன்றாயின் அவ்வெல்லை ஏறத்தாழ 19½ பாகை. தனித்து நிற்கும் ஒரு காயை அடிக்கும்போது ஸ்ரைக்கர் எங்கு செல்லும் என்பதை இவ்வொரு கோணம் பெரும்பாலும் வரையறுத்துவிடுகின்றது. குழியை நோக்கிய பாதையின் இருபுறமும் 19½ பாகை கொண்ட ஒடுங்கிய விசிறியொன்றை மனத்தில் வரைந்துகொள்பவன், தண்டம் வருமா வாராதா என்பதை அடிக்குமுன்னரே மதிப்பிடுவான். தேர்ந்த ஆட்டக்காரர் இதனைக் கணக்காலன்றிக் கண்ணாற் கற்றவர். மாணவன் கணக்காற் கற்பதில் இழுக்கொன்றுமில்லை.

இனிச் சுழற்சி. விரலின் நுனி ஸ்ரைக்கரின் நடுவிற் படாது ஓரத்திற் படுமாயின் அது சுழன்றுகொண்டே செல்லும். சுழலும் வட்டு, சுழலாத வட்டைக் காட்டிலும் நெடுந்தூரம் வழுக்கும் என்பது பலர் அறியாதது. வட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் உராய்வு அப்புள்ளி செல்லும் திசைக்கு எதிராகவே செயற்படும். விரைந்து சுழலும்போது வலப்பக்கம் முன்னோக்கியும் இடப்பக்கம் பின்னோக்கியும் நகர்வதால், இருபக்கத்து உராய்வுகளும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். முன்னேற்றத்தைத் தடுக்க எஞ்சுவது சிறிதே. வட்டு முன்னேறுவதும் சுழல்வதும் ஒரே கணத்தில் ஓயும் என்பதை 2003இல் வெளிவந்த ஆய்வொன்று கணிதத்தால் விளக்கியது. இவ்வாறு சுழன்றாலும் தட்டையான வட்டு தன் நேர்வழியிலிருந்து கண்ணுக்குப் புலப்படுமாறு வளைவதில்லை. சட்டத்தில் மோதித் திரும்பும்போது மட்டும் அச்சுழற்சி தன் வேலையைக் காட்டும். எதிர்பார்த்த கோணத்தினின்றும் ஸ்ரைக்கர் விலகி வரும்.

வட்டுக்குப் பதிலாகப் பந்து வழுக்குமாயின் கதை வேறாகும். அதனை மிகத் தெளிவாகக் காட்டுவது மேனாட்டினரின் போலிங் ஆட்டம். கரம் பலகையை 60 அடி நீளத்துக்கு இழுத்து, மாவுக்குப் பதிலாக எண்ணெய் பூசியது போன்றது அதன் தளம். அகலம் மூன்றரை அடி. 39 ஒடுங்கிய பலகைகளை நெடுக்கே அடுக்கிய அமைப்பு. அதன் கோடியிலே போத்தல் வடிவான பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். 16 இறாத்தலுக்கு மேற்படாத பந்தை உருட்டி அவற்றை வீழ்த்தவேண்டும். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1978இல் பாங்கொக்கில் இவ்வாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. தளம் மரத்தாலானதாக இருந்த காலத்தில் அதன் மெருகைக் காப்பதற்கெனவே எண்ணெய் பூசினர். இக்காலத்திற் செயற்கைத் தளங்கள் வந்துவிட்டன. ஆயினும் எண்ணெய் நிலைத்துவிட்டது, ஏனெனில் ஆட்டத்தின் உயிரே அதிற்றான் அடங்கியிருக்கின்றது.

வலக்கையால் ஆடும் ஒருவர் பந்தை விடும்போது விரல்களால் அதனைப் பக்கவாட்டிலும் சுழற்றி விடுகின்றார். பந்து முன்னோக்கிச் செல்லும். ஆயின் தளத்தைத் தொடும் அதன் அடிப்பாகம் வலப்புறமாகவும் வழுக்கும். உராய்வு அதற்கெதிராகப் பந்தை இடப்புறமாகத் தள்ளும். தளம் முற்றும் வறண்டிருப்பின் இத்தள்ளல் தொடக்கத்திலேயே நிகழ்ந்து, பந்து விரைவில் உருளத் தொடங்கிச் சுழற்சியை இழந்துவிடும். எண்ணெயோ முதல் 40 அடி அளவிலே பரவியிருக்கின்றது. அங்கே உராய்வுக் குணகம் 0.04 அளவிற் சிறிதாதலின் பந்து சுழற்சியைச் செலவிடாது சேமித்துக்கொண்டு ஏறத்தாழ நேராகச் செல்லும். எஞ்சிய 20 அடியில் எண்ணெய் இல்லை, குணகம் 0.2 அளவுக்கு உயரும். அதுவரை சேமித்த சுழற்சி அங்கே செலவாகிப் பந்து இடப்புறம் வளைந்து பாயும். விட்டதிலிருந்து கட்டைகளை அடையும்வரை கழிவது ஏறத்தாழ இரண்டரைச் செக்கன். வழுக்கும் பந்தின் வழி பரவளைவாகும் என்றும், வழுக்கல் ஓய்ந்து உருளல் தொடங்கியதும் நேர்கோடாகும் என்றும் பிரான்சியக் கணிதர் கொரியோலிசு 1835இல் பிலியட் ஆட்டம் பற்றிய தம் நூலிற் காட்டியிருந்தார். போலிங் பந்தின் வழி இவ்விதியின் வழிப்பட்டதே.

வளைந்து வருவதால் என்ன பயன்? நேரே வரும் பந்து முதற் கட்டையிற் பட்டு ஒருபுறம் ஒதுங்கிவிடும். ஏறத்தாழ 6 பாகைச் சரிவில் முதற் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் இடையே நுழையும் பந்தே பத்தையும் வீழ்த்த வல்லது. அச்சரிவைத் தரும் ஆற்றல் எண்ணெயின் எல்லையிற் பிறக்கின்றது.

இங்கேதான் அவ்வாட்டம் கரம் ஆட்டத்தை ஒத்துவிடுகின்றது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. பொழுதுபோக்குக்குரிய கூடங்களில் அது நடுவே தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் பூசப்படும். வலப்புறம் தவறிய பந்து வறண்ட பகுதியிற் பட்டுத் திரும்பி வரும். இடப்புறம் தவறியது எண்ணெயிற் பட்டு மேலும் வளையாது செல்லும். தவறு செய்பவனைத் தளமே திருத்துகின்றது! பெரும்போட்டிகளில் எண்ணெயை ஓரளவு சமமாகப் பூசுவர். அங்கே அவ்வுதவி இல்லை. வார இறுதிகளிற் கூடத்தில் உயர்ந்த புள்ளிகளைப் பெற்றவர் போட்டித் தளத்திற் திகைத்து நிற்பதும், மட்டக்குளி மாணவன் புதிய பலகையின் முன் திகைப்பதும் ஒன்றே. அன்றியும் ஒவ்வொரு பந்தும் எண்ணெயிற் சிறிதை உறிஞ்சிச் செல்லும். சிறிதை முன்னே தள்ளும். காலையில் நன்கு வளைந்த வழி பிற்பகலில் வளையாது. ஆட்டக்காரர் நின்று விடும் இடத்தைப் படிப்படியாக மாற்றவேண்டும்.

தளத்தை வெல்லும் பொருட்டுப் பந்தையே மாற்றியவர்களும் உண்டு. மரம், இறப்பர், பொலியெஸ்ரர் என வந்த பந்தின் மேற்றோல், 1980களில் பொலியூரிதேன் ஆயிற்று. 1990களில் எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகளையுடைய புதுவகை பரவியது. 1973இல் அமெரிக்க ஆட்டக்காரர் டொன் மக்கியூன், இரசாயனக் கரைசலில் ஊறவைத்து மேற்றோலை மென்மையாக்கிய பந்தைக் கொண்டு அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயர் பெற்றார்; பின்னர் பந்தின் வன்மைக்கு எல்லை விதித்தனர். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ற் முதலாந் திகதி முதல், பந்து எண்ணெயை உறிஞ்சும் விரைவுக்கும் அமெரிக்கச் சம்மேளனம் வரம்பு வகுத்தது. செல்வமுடையோர் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு பந்து வாங்குவர். கரம் ஆட்டத்தில் அத்தகைய வாய்ப்பில்லை. உலோகத்தாலும் யானைத்தந்தத்தாலுமான ஸ்ரைக்கரை விதிகள் விலக்கியுள்ளன. நிறைக்கும் விட்டத்துக்கும் வரம்புண்டு. ஏழைச் சிறுவனும் உலக வாகையரும் ஒரே வகை வட்டையே கையாளுகின்றனர். ஆகவே அவனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி தளத்தைப் படித்தறிவது.

அதற்குரிய முறையைச் சர்வதேச விதிகளே காட்டுகின்றன. பலகையின் வழுவழுப்புக்கு அவை கூறும் அளவுகோல் எந்தக் கருவியையும் வேண்டுவதன்று: 15 கிராம் ஸ்ரைக்கரை வல்லவர் ஒருவர் முழு விசையோடு அடித்தால், அது பலகையின் இரு சட்டங்களுக்குமிடையே மூன்றரை முறை ஓடவேண்டும். மாணவன் முழு விசையைக் கையாளவேண்டியதில்லை. தன் வீட்டுப் பலகையில் மிதமான ஒரே விசையோடு பத்துமுறை அடித்து, ஸ்ரைக்கர் எதிர்ச்சட்டத்திற் பட்டு எவ்வளவு தூரம் திரும்பி வருகின்றது என்பதைக் குறித்துக்கொள்வானாக. உலர்ந்த நாளில் ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை, மா தூவியதும் ஒரு முறை, அரைமணி ஆடிய பின் ஒரு முறை. நான்கு நாட்களிற் கொப்பி ஒன்றில் ஒரு சிறு அட்டவணை உருவாகிவிடும். பாடசாலையிற் பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் அதிலிருந்து உராய்வுக் குணகத்தைக் கணித்துக் காட்டலாம். போட்டி நாளன்று, ஆட்டம் தொடங்குமுன் பழகுவதற்கு அனுமதிக்கப்படும் சில நிமிடங்களிற் காய்களை வீழ்த்த முயலாது, அதே மிதமான விசையோடு வெறும் பலகையில் மூன்று முறை அடித்துப் பார்ப்பானாக: ஒருமுறை நடுவே, ஒருமுறை வலச்சட்டத்தை ஒட்டி, ஒருமுறை இடச்சட்டத்தை ஒட்டி. வீட்டில் நடுக்கோட்டளவில் நின்ற ஸ்ரைக்கர் அங்கே தன் மடிக்கே வந்து சேருமாயின், முதலடியிலிருந்தே விரலைத் தளர்த்திக்கொள்ள அவனுக்குத் தெரியும்.